மகனைக் காவலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: டீச்சர், என் கணவர் சாமான் வாங்க ஹட்டன் டவுனுக்குப் போனால் ரேஸ் புக்கிக்குள் நுழைந்துவிடுகிறார். இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே எங்கள் சம்பளம் போகிறது. பிள்ளை கூட இருந்தால் போகமாட்டார் என்று பத்து வயது மகனையும் சேர்த்து அனுப்பினேன். போன மாதம், சப்பாத்து வாங்க அவன் சேர்த்த உண்டியல் காசும் காணாமல் போனது. "நான் பார்த்துக்கிட்டுத்தானம்மா இருந்தேன்" என்று அழுதான். இப்போது யாரோடும் பேசுவதில்லை.
— ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, உங்கள் மகன் சொன்ன அந்த ஒரு வரியைத் தாண்டி வாசிக்க எனக்கு வெகுநேரமானது. எட்டு வயதில் நானும் அதே காவலுக்குப் போயிருக்கிறேன். சம்பள நாளன்று அப்பாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வரச் சொல்வார் அம்மா. ஒருநாள் அப்பா என்னை ஒரு கடை வாசலில் டொபியோடு உட்கார வைத்துவிட்டுச் சீட்டாடப் போய்விட்டார். அன்றிரவு அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனாலும் வீட்டில் அரிசி இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று இஸ்தோப்பில் படுத்தபடி நானே தீர்த்துக்கொண்டேன். அந்த எண்ணம் கரைய எனக்கு எத்தனையோ வருடம் பிடித்தது.

சூதாடும் பெற்றோரின் பிள்ளைகளிடம் பேசி, 2001இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காசு போனதைவிடப் பெரிய இழப்புகளை அந்தப் பிள்ளைகள் சொன்னார்கள்: வீட்டில் இருந்தும் இல்லாத அப்பா, உடைந்த நம்பிக்கை, போன நிம்மதி. உங்கள் மகனின் மௌனமும் அதுதான்.

அதனால் காவலை இன்றே நிறுத்துங்கள். அவனைப் பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு ஒரு வருத்தம். அது உன்னால் வந்ததில்லை. அவரைத் தடுப்பது உன் வேலையும் இல்லை. உன்னை அனுப்பியது அம்மா செய்த பிழை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்கு அதுதான் மருந்து.

வருத்தம், அதாவது நோய், என்று சும்மா சொல்லவில்லை. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்டத்தை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்கள் இருக்கும் அதே பிரிவில் சேர்த்தது. விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேலும் மேலும் கட்டுவது அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று. ஆகவே நகையை அடகு வைத்து அவர் கடனை அடைக்காதீர்கள். அந்தக் காசும் அடுத்த குதிரைக்குத்தான் போகும். உங்கள் சம்பளம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். 1926க்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் எந்நேரமும் பேசலாம். பக்கத்து ஆதார வைத்தியசாலையின் மனநல கிளினிக்கையும் விசாரியுங்கள். முதல் தடவை அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

வருகிற ஞாயிறு சாமான் வாங்க நீங்களே டவுனுக்குப் போங்கள். மகன் உங்களோடு வரட்டும், சப்பாத்துக் கடையில் காலை வைத்து அளவு பார்க்கட்டும்.