சம்பா அறுத்த வயலில் டியூரம் கோதுமை: மணி ஏன் சூம்பியது?

மன்னார்குடி பக்கம் சம்பா அறுத்த கையோடு, தை நடுவில் டியூரம் (ரவைக்கு ஆகும் கெட்டிக் கோதுமை) விதைத்ததாகவும், முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளி மணி சூம்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விதையைக் குறை சொல்லாதீர்கள், பட்டம்தான் தப்பு. பால் பிடிக்கும்போது பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் மணி நிறையும். உங்களுக்கு அந்த நாட்கள் பங்குனி வெயிலில் மாட்டிக்கொண்டன. சூட்டில் பயிர் தூர் கட்டாமல் அவசரமாகக் கதிர் விடும்; யூரியா கூட்டினாலும் மாறாது.

மறுபடி பார்க்க ஆசையென்றால் கார்த்திகை முதல் வாரம், மழை ஓய்ந்த இடைவெளியில், நீர் தேங்காத மேட்டுத் திடலில் 5 சென்ட் மட்டும் போடுங்கள். விதை 2 முதல் 2.5 கிலோ, வரிசைக்கு 20 செ.மீ., ஆழம் 5 செ.மீ. 21ஆம் நாள் தண்ணீர் தவறவே கூடாது, தண்டின் அடியிலிருந்து முடிவேர் இறங்கும் நேரம் அது. களிமண்ணில் அந்தத் தண்ணீரே ஒரு நாள் நின்றால் பயிர் மஞ்சளடிக்கும், உடனே வடியுங்கள்.

அறுத்ததும் ஒரு மணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் ரவைக்கு ஆகும். மாவு போல வெள்ளைத் திட்டு தெரிந்தால் தழைச்சத்து போதவில்லை.

எப்படியும் டியூரம் அதிகம் விளையும் மத்தியப் பிரதேசத்து மகசூல் இங்கே வராது, அந்தக் குளிர் நமக்கில்லை. சம்பா தாளுக்கு உளுந்துதான் சரி. சம்பா அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் ஈரமாக இருக்கும்போது விதையைத் தெளித்துவிடுங்கள்.