விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கைக்குப் பரீட்சை பயம், தூக்கமில்லை: மூச்சுப்பயிற்சி ஆப் மட்டும் போதுமா?

பாளையங்கோட்டை விடுதி என்கிறீர்கள். படபடப்பைத் தணிக்க ஆப் உதவும்: 4 விநாடி மூச்சை இழுத்து, 6 விநாடி விடணும், ஐந்து நிமிஷம். ஆனா தினமும் 'இன்னைக்கு விட்டுட்டீங்களே' என்று நோட்டிபிகேஷன் வந்தால் அதுவே இன்னொரு வீட்டுப்பாடம். முதலில் அதை அணைக்கச் சொல்லுங்க. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்தால் பலன் பாதி போச்சு.

பேச ஆள் வேணும்னா 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் பதிவுக்குரல் மொழி கேட்கும். அங்கேயே போனை வைத்துவிட வேண்டாம். அறைத்தோழிகள் காதுபடப் பேசினால் வாய் திறக்காது, மொட்டைமாடிதான் சரி.

தூக்கமின்மை இரண்டு வாரம் தாண்டினால் காலையிலேயே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் ஓபி சீட்டுப் போடுங்க. சாகணும் என்ற பேச்சு வந்தால் ஆப்பெல்லாம் வேண்டாம்; தனியாக விடாமல் உடனே 14416 அல்லது 108.