யார்டுக்குள் டிரெய்லர் நகர்த்தும் வேலை: எதைக் கற்றுக்கொண்டு போவது?

கேள்வி: எனக்கு ஊர் நாங்குநேரி பக்கம். எட்டு வருஷமாகப் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறேன். தூத்துக்குடி மதுரை பைபாஸில் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் நகர்த்தக் கூப்பிடுகிறார்கள். ‘ரோட்டுக்கே போக வேண்டாம், காம்பவுண்டுக்குள்தான்’ என்கிறார்கள். டிரெய்லர் ஓட்டிப் பழக்கமில்லை. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ‘காம்பவுண்டுக்குள்தானே’ என்ற பேச்சை கேட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ரோட்டில் ஓடும் டிரெய்லரை நாளுக்கு ஒரு தடவை மாட்டிக் கழற்றினாலே அதிகம். யார்டில் ஒரே ஷிஃப்டில் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அடிபடுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஸ்டியரிங் பிடிப்பது இந்த வேலையில் பாதிதான், மீதி கீழே இறங்கிப் பார்ப்பது.

மாட்டுவதிலிருந்து தொடங்குவோம். டிரெய்லருக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். உங்கள் வண்டியின் ஃபிஃப்த் வீல் தட்டும் (டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் தட்டு) டிரெய்லரின் அடித்தகடும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். அடித்தகடு கொஞ்சம் தாழ்ந்து, தட்டின் சரிவில் முட்டி ஏறுகிற மாதிரி இருக்க வேண்டும். அடித்தகடு உயரமாக இருந்தால் கிங்பின் (அடித்தகட்டிலிருந்து கீழே நீட்டியிருக்கும் இரும்பு முளை) தட்டின் பூட்டுத் தாடைக்குள் இறங்காமல் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும், அல்லது தாண்டி வந்து கேபினின் முதுகில் இடிக்கும். சரியான உயரத்தில் மெல்ல ரிவர்ஸ் எடுத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நம்பாதீர்கள், பாதி பூட்டினாலும் அதே சத்தம்தான். டார்ச் அடித்து, கிங்பின்னின் கழுத்தைத் தாடை முழுசாகச் சுற்றியிருக்கிறதா, இரண்டு தகடுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் பூட்டவில்லை. எல்லாம் சரியென்றால் டிரெய்லர் பிரேக் பிடித்தபடியே முதல் கியரில் இரண்டு தடவை லேசாக முன்னால் இழுத்துப் பாருங்கள். கழற்றிய டிரெய்லரைத் தாங்கி நிற்கும் முன்கால்களைத் தூக்குவது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றினால், பூட்டாத டிரெய்லர் மூக்குக் குப்புற விழும்.

டிரெய்லர் பிரேக்குக்குக் காற்று போகும் ஏர் பைப்பில் சிவப்பும் மஞ்சளும் மாறிப்போனால் பிரேக் விடாது. ஆக்சிலேட்டரை மிதித்து இழுத்தால் டயர்தான் தேயும். இறங்கி மாற்றி மாட்டுங்கள்.

கழற்றுவதில் சிக்கல் தரையால் வருகிறது. தூத்துக்குடி, திசையன்விளை பக்கம் தேரி மணல். கங்கைகொண்டான் மாதிரி இடத்தில் புதுக் குடோன் என்றால் முன்னால் வெறும் சரளை. சரக்கோடு நிற்கும் டிரெய்லரின் முன்பாரம் முழுவதும் முன்கால்களின் இரண்டு சின்னப் பாதங்களில் இறங்குகிறது. ஐப்பசி மழையில் ஊறிய மண்ணும் சித்திரை வெயிலில் இளகிய தாரும் அதைத் தாங்காது. பாதத்துக்கு அடியில் தடித்த பலகையோ இரும்புத் தகடோ போடுங்கள். பைப்புகளைக் கழற்றி, கிங்பின்னை விடுவித்த பிறகு ஒரேயடியாக ஓட்டிப் போகாதீர்கள். ஃபிஃப்த் வீல் வெளியே வந்தும் வண்டியின் சேஸிஸ் டிரெய்லருக்குக் கீழேயே இருக்கும்படி மெல்ல நகர்த்தி நில்லுங்கள். கால் புதைந்தால் டிரெய்லர் உங்கள் சேஸிஸில் உட்காரும், தரையில் விழாது.

பழைய டிரெய்லர்களில், காற்று போனாலும் தானே பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் பிரேக் இருக்காது. டேங்கில் இருக்கும் காற்றுதான் பிரேக்கைப் பிடித்திருக்கும். கசிவு இருந்தால் சாயங்காலம் நிறுத்தியது ராத்திரியே உருளும். எந்த டிரெய்லரானாலும் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

ரிவர்ஸ்தான் உங்களுக்குப் புதுசு. பத்துச் சக்கரத்தில் ஸ்டியரிங் திரும்பும் பக்கமே பின்பக்கமும் போகும், இங்கே நேர்மாறு. ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்; கை எந்தப் பக்கம் போகிறதோ வால் அந்தப் பக்கம் போகும். முதலில் காலி டிரெய்லரில் நேராகப் பின்னால் போய்ப் பழகுங்கள், வளைவு பிறகு வரட்டும். டாக் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) உங்கள் வலதுபக்கம் வரும்படி தாண்டிப் போய், வலப்பக்கமாக வாலை வளையுங்கள். வலது கண்ணாடியில் வால் முழுசாகத் தெரியும். இடப்பக்கமாக வளைத்தால் அது கண்ணுக்குப் படாது, கீழே ஒருவர் நின்றாக வேண்டும். கோணம் கெட்டுவிட்டால் முன்னால் இழுத்துத் திரும்ப எடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மல்லுக்கட்டினால் வண்டி மடங்கி, கேபின் மூலை டிரெய்லரில் உரசும்.

டாக்கில் இரண்டு விஷயம். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே இருக்கும்போது வண்டியை இழுத்துவிட்டால் ஓட்டுபவர் பள்ளத்தில் விழுவார்; சாவியை சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, கழற்றி நிறுத்திய டிரெய்லரில் சரக்கோடு ஃபோர்க்லிஃப்ட் மூக்குவரை போனால் முன்பக்கம் சாயும். 40 அடி டிரெய்லரில் ஒரே ஒரு லோடு ஏறிய 20 அடிப் பெட்டி வாலோரம் இருந்தால் கதை தலைகீழ், கழற்றியதும் மூக்கு மேலே எழும்பும். இரண்டிலும் இழுவை வண்டியைக் கழற்றாமல் விடுவதே நல்லது.

கிரேன் பெட்டியைத் தூக்குமுன் பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் நான்கு ட்விஸ்ட் லாக்கும் திறந்திருக்கின்றனவா என்று நீங்களே சுற்றிப் பாருங்கள். ஒன்று பூட்டியிருந்தாலும் டிரெய்லரும் சேர்ந்து கிளம்பும்.

ஆடி மாதக் காற்றை நம்ம ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலி 40 அடிப் பெட்டி நான்கு டன்னுக்கு உள்ளேதான், ஆனால் பக்கவாட்டுப் பரப்பு 12 மீட்டருக்கு 2.6 மீட்டர். பாய்மரப் பாய் கணக்குத்தான். டாக்குக்குப் போகுமுன் கதவைத் திறக்கும்போது காற்று இழுத்து முகத்தில் அறையும். ஒரு கதவாகத் திறந்து, பக்கவாட்டில் கொக்கி மாட்டிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

பெரிய யார்டுகளில் யார்டுக்கென்றே செய்த இழுவை வண்டி இருக்கும். அது ஃபிஃப்த் வீலை ஹைட்ராலிக்கில் தூக்குவதால் முன்காலைக் கைப்பிடி சுற்றித் தூக்க வேண்டாம். சௌகரியம்தான், ஆனால் கால் தரைக்குக் கொஞ்சம் மேலேதான் தொங்கும். வேகத்தடையில் இடித்து வளைந்துவிடும்.

ஹெவி லைசென்ஸ் இருந்தாலும் அதில் டிரெய்லர் வகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கேட்டைத் தாண்டி ஒரு தடவை ரோட்டில் ஏறினாலும் அது வேண்டும். சம்பளம் ஷிஃப்டுக்கா, நடைக்கா என்று கேளுங்கள். நடைக்கணக்கில் இறங்கிப் பார்க்கும் நிமிஷத்துக்குக் காசு இல்லை. ஷிஃப்ட் கணக்கில் கொஞ்சம் குறைந்தாலும் அதையே எடுங்கள்.

சேருமுன் ஒருநாள் இருட்டினபிறகு போய் யார்டைப் பாருங்கள். சக்கரக் கட்டையும் கால் பலகையும் கண்ணில் படுகின்றனவா, டாக்கில் விளக்கு எரிகிறதா, நிற்கும் டிரெய்லர்களின் பின்மூலைகள் எத்தனை நசுங்கியிருக்கின்றன என்று எண்ணிவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.