மேடையேற மறுத்தால் துரோகமா?

கேள்வி: சித்தேரி மலையிலிருந்து வந்து, தருமபுரியில் ஒரு கல்லூரியில் ஐந்தாவது ஆண்டாகப் படிக்கிறேன். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவள். "கேரளாவா?" என்று கேட்போருக்கு, நாங்கள் தமிழ் பேசும் மலைமக்கள் என்று விளக்கியே ஓய்ந்துவிட்டேன். பாகுபாட்டுக்கு ஆளாகும் மாணவர்களுக்கு உதவும் கல்லூரியின் சம வாய்ப்பு மையத்தில் மாணவர் பிரதிநிதியான பின், ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் நாளில், என் கதையைச் சொல்ல மேடையேற்றுகிறார்கள். விடுதியில் யாரையேனும் சாதியைச் சொல்லி ஏசினால், நள்ளிரவிலும் என் அறைக் கதவைத்தான் தட்டுகிறார்கள். தூக்கம் கெட்டு, இரண்டு தாள்களில் அரியர் விழுந்துவிட்டது. விலகினால் என் மக்களுக்குத் துரோகமா?
(பெயர் வேண்டாம், அரூர் வட்டம்)

பதில்: இல்லை. கல்லூரி நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை சம்பளமின்றி உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பது துரோகமாகாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மைப் பேராசிரியர்கள் மட்டும் இப்படிக் கூடுதலாகச் சுமப்பதை, அமாடோ படில்லா என்ற உளவியல் அறிஞர் 1994-இல் 'பண்பாட்டு வரி' என்றார். நீங்கள் மாணவியாக இருக்கும்போதே அந்த வரியைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பாகுபாடு பற்றிய புகார்களைக் கவனிக்கத் தனி அலுவலர் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-இலேயே விதி வகுத்தது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பிறர் முன்னிலையில் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது, 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்காகக்கூடிய குற்றம். அதை நீங்கள் சமாதானம் பேசித் தீர்த்துவைக்க முயல்வது உங்களுக்கும் நல்லதல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் நல்லதல்ல.

மேடைப் பேச்சைப் பற்றி எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது. பட்ட அவமானத்தை ஆண்டுதோறும் விவரிக்கச் செய்து, கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறவர்கள், சென்ற ஆண்டு கேட்டதற்குப் பிறகு விடுதியில் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை மேடையேற வேண்டியதில்லை. 'தேர்வு இருக்கிறது' என்று சொன்னால் போதும். வேறு காரணம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பிரதிநிதிப் பொறுப்பை, அரியர் தாள்களை எழுதி முடிக்கும்வரையாவது, எழுத்து மூலம் ஒப்படைத்துவிடுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி இரவில் கதவு தட்டப்பட்டால், வந்த பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். நடந்ததை நாள், நேரத்துடன் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் உடனே விடுதிக் காப்பாளரை எழுப்புங்கள். இல்லையென்றால், காலையில் அந்தத் தாள் அலுவலரின் மேசைக்குப் போகட்டும்.