யூஃபியூஸை வைத்து பி.எச்டி. செய்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகள் எம்.ஏ. ஆங்கிலம் முடிக்கப்போகிறாள். மறுமலர்ச்சிக் காலக் கதைகளில் யூஃபியூஸ் என்ற 'முன்மாதிரி மனிதனை' பி.எச்டி. ஆய்வுக்கு எடுப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா சார்?

பதில்: கல்லூரி வேலைக்கு முதலில் பார்ப்பது நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியையோ பி.எச்டி. பட்டத்தையோதான் அம்மா, தலைப்பை அல்ல. நெட் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் வரும். நெட்டை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்.

மீதி உங்கள் மகளுக்கு. 'முன்மாதிரி' என்று எழுதிவிட்டு நிறுத்தினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வாய் மகளே. 1578-இல் ஜான் லிலி எழுதிய கதையில் இந்த யூஃபியூஸ் என்ன செய்கிறான், பார். ஆதென்ஸிலிருந்து நேப்பிள்ஸ் வருகிறான். யூபுலஸ் என்ற பெரியவர் சொல்லும் புத்திமதியை எதிர்வாதம் பேசியே ஒதுக்குகிறான். நண்பன் ஃபிலாட்டஸின் காதலி லூசில்லாவைத் தன் பக்கம் இழுக்கிறான். அவளோ கியூரியோ என்பவனுக்காக இவனையும் கைவிடுகிறாள். பட்ட பிறகு ஊர் திரும்பி, ஊருக்கெல்லாம் அறிவுரைக் கடிதம் எழுதுகிறான்! அதிலும் பிள்ளை வளர்ப்பு பற்றிய பகுதி பெரும்பாலும் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கிடம் இரவல் வாங்கியது.

சரி, வாசகர்கள் அவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள்? 1632-இல் லிலியின் நாடகங்களை வெளியிட்ட எட்வர்ட் பிளவுண்ட், யூஃபியூஸின் அலங்கார நடையில் பேசத் தெரியாத அரசவைப் பெண்ணுக்கு அன்று மதிப்பே இல்லை என்கிறார். ராபர்ட் கிரீன் 1587-லும் தாமஸ் லாட்ஜ் 1590-லும், இருவரும் எழுத்தாளர்கள், தங்கள் புத்தகத் தலைப்பிலேயே யூஃபியூஸ் பெயரைப் போட்டார்கள். திருந்தியவன் என்பதற்காகவா, அழகாகப் பேசியவன் என்பதற்காகவா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ மறுத்தாலும் சரி, ஆய்வு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

(அரசவைக் கேளிக்கைகளின் தலைமைப் பதவி கேட்டு லிலி முதலாம் எலிசபெத் ராணிக்கு மனுப் போட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அம்மா, இந்த வரியை மட்டும் படிக்காதீர்கள்.)

வார்விக் பாண்ட் 1902-இல் பதிப்பித்த லிலி தொகுப்பு இன்டர்நெட் ஆர்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. 1580-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் படித்துவிட்டு இரண்டு பக்கத்தில் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எழுது. அப்புறம் கைடு தேடு. பதினாறாம் நூற்றாண்டு இலக்கியத்தில் ஆய்வு செய்தவரா என்று கேட்டுக்கொண்டு போ.