ஒரு ராத்திரிக்கு மட்டும் கைக்கு வந்த பத்திரிகை: சமிஸ்தத் பற்றிய கேள்வி பதில்

சோவியத் நாட்டில் தணிக்கைக்குப் போகாமல் மக்களே டைப் அடித்துக் கைமாற்றிக்கொண்ட எழுத்துக்கு 'சமிஸ்தத்' என்று பெயர். தானே வெளியிட்டுக்கொள்வது என்று அர்த்தம். ரஷ்ய மொழி படித்து அந்தக் காலத்துத் தாள்களோடு பல வருஷம் புழங்கியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் சார். நாலைந்து கார்பனுக்குக் கீழே எழுத்தே சரியாக விழாது. இதை வைத்து எப்படிப் பத்திரிகை நடத்தினார்கள்?

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. சாதாரணத் தாளில் அவ்வளவுதான் தேறும். அதனால் சிகரெட் சுருட்டுகிற தாள் மாதிரி மெல்லியதாகத் தேடி வாங்கி, இடையிடையே கார்பன் வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் ஓங்கி அடிப்பார்கள். ஓர் ஆவணக் காப்பகத்தில் அப்படி ஒரு பிரதியை வாங்கிப் பார்த்தேன். கட்டின் அடியில் இருந்த தாளாக இருக்க வேண்டும், எழுத்தெல்லாம் நீலமாகக் கலங்கிக் கிடந்தது, புரியாத சொற்களின் மேல் யாரோ பேனாவால் பொறுமையாகத் திருப்பி எழுதியிருந்தார்கள். அந்தக் கை யாருடையது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

பெருகியது எப்படி என்றால், படித்தவர் முடிந்தால் தானும் ஒரு கட்டு அடித்து நாலு பேருக்குக் கொடுப்பார். பெரும்பாலும் ஒரு ராத்திரிக்குத்தான் கைக்கு வரும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, படித்த பக்கத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளித் தள்ளி, விடிவதற்குள் முடித்துவிடுவார்கள். அடித்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு.

சேலத்திலிருந்து: நீங்கள் அடிக்கடி சொல்லும் 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற பத்திரிகையில் அப்படி என்னதான் இருந்தது? அரசை வைதார்களா?

வையவே இல்லை, அதுதான் அதன் பலம். 1968 ஏப்ரல் 30 என்று தேதியிட்டு முதல் இதழ் வந்தது. தயாரித்தவர் நதால்யா கர்பனேவ்ஸ்கயா என்ற கவிஞர், அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. முகப்பில் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 19-ஆம் பிரிவு இருக்கும், அதாவது கருத்துச் சொல்லவும் தகவல் தேடவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்பது. உள்ளே யார் கைதானார், எந்த வீட்டில் சோதனை நடந்தது, என்னென்ன எடுத்துப் போனார்கள், எத்தனை வருஷம் தண்டனை, எந்த முகாம் என்று வெறும் விவரம். ஆசிரியரின் கோபம் ஒரு வரியில்கூடத் தெரியாது. தவறு நேர்ந்திருந்தால் பிந்திய இதழில் திருத்தம் போடுவார்கள்!

செய்தி அனுப்ப முகவரி கிடையாது. பத்திரிகையை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் சொல்லுங்கள், அவர் தனக்குக் கொடுத்தவரிடம் சொல்வார். சங்கிலி முழுவதையும் நீங்களே துருவிக்கொண்டு போகாதீர்கள், உங்களை ஆள்காட்டி என்று நினைத்துவிடுவார்கள் என்று இதழிலேயே எழுதியிருந்தார்கள்.

கர்பனேவ்ஸ்கயாவை 1969 டிசம்பரில் கைது செய்து, மனநோயாளி என்று முத்திரை குத்தி, மருத்துவமனையில் அடைத்தார்கள். 1972-இல்தான் வெளியே வந்தார். பத்திரிகை நிற்கவில்லை, வேறு கைகளுக்குப் போனது.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: எல்லாரும் உறுதியாக நின்றார்களா அண்ணா?

இல்லை தம்பி, அதை மறைக்கக் கூடாது. 1972-இல் சோவியத் ரகசியப் போலீஸான கேஜிபி ஒரு மிரட்டல் விட்டது: இனி இதழ் ஒவ்வொன்று வரும்போதும் ஆட்களைப் பிடிப்போம், அதைத் தயாரித்தவர்களாக இல்லாவிட்டாலும் பிடிப்போம் என்று. தான் ஜெயிலுக்குப் போகத் துணிந்தவனுக்கும் தன்னால் இன்னொருவன் போவதைத் தாங்க முடியாது இல்லையா? சரியாக அந்த இடத்தில் அடித்தார்கள். பிடிபட்ட யாகிர், கிராசின் என்ற எதிர்ப்பாளர்கள் இருவரும் 1973-இல் தாங்கள் செய்தது தப்பு என்று பகிரங்கமாகப் பேசினார்கள், தொலைக்காட்சியில் காட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகை ஒன்றரை வருஷம் வரவில்லை.

அப்புறம் 1974 மே மாதம் மூன்று பேர், தத்யானா வெலிகானவா, செர்கேய் கவல்யோவ், தத்யானா கதரோவிச், சொந்தப் பெயரைப் போட்டு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இது அவதூறான பத்திரிகை இல்லை, இதைப் பரப்புவது எங்கள் கடமை என்று. பிடிப்பதாக இருந்தால் எங்களைப் பிடியுங்கள் என்று சொன்ன மாதிரிதான். கணித அறிஞர், உயிரியல் அறிஞர், மொழியியல் அறிஞர், மூவருமே அரசியல்வாதிகள் இல்லை. அந்த வருஷக் கடைசியிலேயே கவல்யோவைப் பிடித்து ஏழு வருஷம் முகாம், மூன்று வருஷம் நாடுகடத்தல் மாதிரித் தொலைதூர வாசம் என்று விதித்தார்கள். வெலிகானவா 1979-இல் கைதானார். பத்திரிகை 1983 வரை வந்தது, அறுபது இதழ்களுக்கு மேல்.

நாகர்கோவிலிலிருந்து: எங்கள் வீட்டில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துப் புத்தகங்கள் நிறைய உண்டு. தமிழில் அவ்வளவு அழகாக அச்சிட்டு அனுப்பிய நாடா இப்படிச் செய்தது?

அந்த நாடேதான். நானும் அந்தப் புத்தகங்களில் வளர்ந்தவன், மொழிபெயர்த்தவர்கள் மேல் எனக்கு இன்றும் அன்பு உண்டு. ஆனால் அங்கே ரஷ்ய மொழியில் அச்சான பழைய புத்தகங்களின் பதிப்பு விவரத்தைப் பாருங்கள், ஓர் எழுத்தும் சில இலக்கங்களுமாக ஒரு குறியீடு இருக்கும். 1922-இல் தொடங்கிய கிளாவ்லித் என்ற தணிக்கைத் துறையின் அனுமதி எண் அது. அந்த எண் கிடைக்காமல் போனவை நம் அலமாரிக்கும் வரவில்லை.

கோவையிலிருந்து: பொய்யைப் பரப்புகிறவனை அரசு தடுக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். 1966-இல் சோவியத் ரஷ்யா தன் குற்றவியல் சட்டத்தில் சேர்த்த 190-1 பிரிவு, சோவியத் அமைப்பை இழிவுபடுத்தும் 'தெரிந்தே சொல்லும் பொய்'யைப் பரப்பினால் மூன்று வருஷம் வரை சிறை என்றது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில், இன்றைய ரஷ்யா கொண்டுவந்த சட்டத்திலும் ராணுவத்தைப் பற்றித் 'தெரிந்தே சொல்லும் பொய்' என்றுதான் இருக்கிறது, உச்ச தண்டனை 15 வருஷம். சாஷா ஸ்கொச்சிலென்கோ என்ற ஓவியர் ஒரு பல்பொருள் அங்காடியில் விலைச் சீட்டு இருக்கும் இடத்தில் போரைப் பற்றிய சின்னச் சின்ன வாசகங்களைச் செருகி வைத்தார். அதற்கு 2023-இல் ஏழு வருஷம் விதித்தார்கள். 2024 ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். எது பொய் என்று தீர்மானிக்கிற வேலையைக் குற்றம் சாட்டப்படுகிற அரசிடமே கொடுத்தால் இதுதான் நடக்கும். பொய்க்கு மறுப்பு எழுதுங்கள், ஆதாரம் காட்டுங்கள், அவதூறு என்றால் பாதிக்கப்பட்டவர் வழக்குப் போடட்டும். விலைச் சீட்டுக்குச் சிறை என்பதை என்னால் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

மதுரையிலிருந்து: ஆளைப் பிடிக்காமல் புத்தகத்தை மட்டும் பிடித்ததுண்டா?

உண்டு. வசீலி கிராஸ்மன் போர்க்கால நிருபர், ஸ்டாலின்கிராடில் இருந்தவர். 'வாழ்வும் விதியும்' என்ற அவர் நாவலை 1961 பிப்ரவரியில் கேஜிபி வந்து எடுத்துப் போனது. கையெழுத்துப் பிரதியோடு நிற்கவில்லை, கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன் எல்லாவற்றையும் அள்ளினார்கள், அவற்றில் எழுத்தின் தடம் இருக்குமே! கட்சித் தலைமையில் இருந்த சூஸ்லவ், இன்னும் இருநூறு முன்னூறு வருஷத்துக்கு இதை வெளியிட முடியாது என்று அவரிடமே சொன்னதாகச் சொல்வார்கள். கிராஸ்மன் 1964-இல் புற்றுநோயில் இறந்தார், தன் புத்தகத்தை அச்சில் பார்க்காமலே.

ஆனால் நண்பர்களிடம் பிரதிகளை ஒளித்துக் கொடுத்திருந்தார். அதில் ஒன்று மைக்ரோஃபிலிமாக எல்லை தாண்டி 1980-இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது, 1988-இல் ரஷ்யாவுக்கே திரும்பி வந்தது. பறிமுதல் செய்த மூலப் பிரதிகளை ரஷ்ய உளவுத்துறை 2013-இல்தான் ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது.