டெக்சாஸ் நண்பர் வாங்கித் தரட்டுமா? கலிஃபோர்னியாவில் ரிவால்வர் வாங்க நினைக்கும் கிரீன் கார்டுகாரருக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வசிக்கிறேன். கிரீன் கார்டு கிடைத்து இரண்டு வருடம் ஆகிறது. மனைவி எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். இரவு ஷிஃப்ட் முடித்துத் தனியாகத் திரும்புவதால், பாதுகாப்புக்காக எடை குறைந்த சிறிய ரிவால்வர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். நான் பார்த்து வைத்த மாடல் இங்குள்ள கடைகளில் இல்லை. டெக்சாஸில் இருக்கும் நண்பர், "பணத்தை அனுப்பு, என் பெயரில் வாங்கி வைக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்" என்கிறார். அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கப்போகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நண்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் துப்பாக்கியைக் கையில் வாங்காதீர்கள். அதைப் பற்றி அவரோடு மேற்கொண்டு குறுஞ்செய்தியில் பேசாமல் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வி அதில் இருக்கிறது. உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்கும் நண்பர் அதற்கு 'ஆம்' என்று எழுதினால் அது பொய் வாக்குமூலம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உங்களுக்குத் தகுதி இருப்பதால் பொய் பொய்யில்லாமல் போய்விடாது. அப்ராம்ஸ்கி வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு மாநிலத்தில் வசிப்பவர் வேறு மாநிலத்தில் வசிப்பவருக்குக் கைத்துப்பாக்கியை நேரடியாகக் கைமாற்றுவது தனிக் குற்றம். நீங்களே டெக்சாஸ் போய்க் கடையில் கேட்டாலும் கையில் தர மாட்டார்கள், கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற கடைக்குத்தான் அனுப்ப முடியும். அங்கே கலிஃபோர்னியாவின் விதிகள்தான் செல்லும்.

குடியுரிமை உள்ளவருக்கு இது அபராதத்தோடும் சிறையோடும் முடியலாம். உங்களுக்கு அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. சட்டத்தை மீறித் துப்பாக்கி வாங்கியதற்கோ, வைத்திருந்ததற்கோ, எடுத்துச் சென்றதற்கோ தண்டனை பெற்ற குடியேறியை நாடுகடத்தலாம் என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது. முயற்சியும் சதியும்கூட அதில் அடங்கும். நாட்டுக்குள் வந்து எத்தனை ஆண்டு கழிந்தது என்ற கணக்கு கிடையாது. கலிஃபோர்னியாவின் சில சட்டப் பிரிவுகள் பழங்காலத் துப்பாக்கிகளையும் சேர்த்துக்கொள்வதால் அவை மத்தியச் சட்டத்தோடு பொருந்தவில்லை என்று வாதாடி வென்றவர்கள் உண்டு. அது குடிவரவு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராடிப் பெறும் நிவாரணம், அதை நம்பி யாரும் காரியத்தில் இறங்கக் கூடாது. அதனால்தான் அமெரிக்க நண்பர்கள் "இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லும் எந்தக் குறுக்கு வழியும் உங்களுக்கு ஆகாது என்று அழுத்திச் சொல்கிறேன்.

நேர்வழியில் வாங்க உங்களுக்குத் தடையில்லை. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வேறு தகுதியின்மை இருக்கக் கூடாது, அவ்வளவுதான். தூக்கத்துக்காகக் கஞ்சா மிட்டாய் எடுக்கும் பழக்கம் இருந்தால் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி அது குற்றம்தான் என்று அதே 4473 படிவம் எச்சரிக்கிறது.

நீங்கள் விரும்பும் மாடல் ஏன் கிடைக்கவில்லை? மாநில நீதித்துறை அங்கீகரித்த கைத்துப்பாக்கிப் பட்டியலில் இருப்பதை மட்டுமே கடைகள் புதிதாக விற்கலாம். பிஸ்டல்களுக்கு உள்ள கூடுதல் நிபந்தனைகள் ரிவால்வருக்கு இல்லை. பாதுகாப்பு அமைப்பு இருந்து, கீழே விழும் சோதனையிலும் சுடும் சோதனையிலும் தேறினால் போதும். ஆனாலும் தயாரிப்பாளர் சோதனைக்கு அனுப்பி, ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தினால்தான் பெயர் பட்டியலில் நிற்கும். தயாரிப்பாளர், மாடல், குழல் நீளம், தோட்டா அளவு, காலாவதி நாள் எல்லாம் பட்டியலில் இருக்கும். ஒரே பெயரில் குழல் நீளமோ உலோகமோ மாறிய துப்பாக்கி வேறு துப்பாக்கியாகிவிடும். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், பெட்டியில் உள்ள மாடல் எண்ணைப் பட்டியலோடு நீங்களே ஒப்பிடுங்கள்.

பட்டியலில் இல்லாததை, மாநிலத்துக்குள் ஏற்கெனவே சட்டப்படி வைத்திருக்கும் தனியாரிடமிருந்து, உரிமம் பெற்ற கடை மூலமாக வாங்கலாம். பெற்றோர் பிள்ளைக்குத் தருவதற்கும் விலக்கு உண்டு. அண்ணன் தம்பிக்கு இல்லை, நண்பருக்கு இல்லவே இல்லை.

மாடல் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஸ்மித் அண்ட் வெசன் 642 சுமார் 410 கிராம், ருகர் எல்சிஆர் .38 சுமார் 380 கிராம். இரண்டும் ஐந்து தோட்டா பிடிக்கும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தி இல்லாததால் பையில் மாட்டாது. ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்த ஸ்மித் அண்ட் வெசன் 340பிடி இவற்றைவிட எடை குறைவு, ஆனால் .357 மேக்னம் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் உதைப்பு கையைப் பதம் பார்த்துவிடும். குண்டின் எடை 120 கிரெயினுக்குக் (கிரெயின் என்பது குண்டை எடைபோடும் அளவு) குறைந்த மேக்னம் தோட்டா போடாதே என்று அதன் குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். இவ்வளவு லேசான துப்பாக்கியில் இன்னொரு ஆபத்து உண்டு. ஒரு தோட்டாவைச் சுடும் உதைப்பில், சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் ஈயக்குண்டு முன்னே நகர்ந்து, சிலிண்டர் சுழலாமல் சிக்கிக்கொள்ளலாம். எடுத்துச் செல்லும் உரிமம் வேண்டுமானால் இதே துப்பாக்கியால் சுட்டுத் தேற வேண்டும். என் கருத்தில் .38 அளவுத் தோட்டா போதும்.

முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்குங்கள். 30 கேள்விகளில் 23 சரியாக இருக்க வேண்டும், கட்டணம் 25 டாலர், ஐந்து ஆண்டு செல்லும். தேர்வைக் கடையிலேயே எழுதலாம். அடுத்தது அடையாளமும் முகவரிச் சான்றும். நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஓட்டுநர் உரிமத்தில் 'மத்திய வரம்புகள் பொருந்தும்' (FEDERAL LIMITS APPLY) என்று அச்சாகியிருந்தால் அது மட்டும் போதாது, சட்டப்படி தங்கியிருப்பதற்கான ஆவணமும் வேண்டும். கிரீன் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள், அதிலுள்ள 'ஏ' எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால், கடைக்காரர் திருப்பி அனுப்பலாம், அல்லது பின்னணிச் சோதனை இழுத்துக்கொண்டே போகும். முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். முகவரிக்கு மின்சாரம், எரிவாயு, தண்ணீர் போன்ற வீட்டு இணைப்பின் மூன்று மாதத்துக்குட்பட்ட பில்லோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். செல்போன் பில் செல்லாது. பில் மனைவி பெயரில் இருந்தால் உங்களுக்கு உதவாது.

கடையில் அந்த ரிவால்வரையே கையில் எடுத்துப் பாதுகாப்பாகக் கையாண்டு காட்ட வேண்டும். சிலிண்டரைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, நிறத்தால் அடையாளம் தெரியும் போலித் தோட்டா ஒன்றைப் போட்டு, மூடி, மறுபடி திறந்து வெளியே தள்ளி, காலியாக இருப்பதை உறுதிசெய்து பூட்டுப் போட வேண்டும். இத்தனை நேரமும் விரல் விசையைத் தொடக் கூடாது.

பணம் எவ்வளவு ஆகும்? 500 டாலர் துப்பாக்கி என்றால், 2024 ஜூலை முதல் வந்த 11 சதவீத வரி 55 டாலர் பில்லில் ஏறும். விற்பனை வரியும் மாநிலப் பதிவுக் கட்டணமும் தனி.

பிறகு பத்து நாள் காத்திருப்பு. இது காலண்டர் நாள் கணக்கு அல்ல, முழுப் பத்து 24 மணி நேரம். சனிக்கிழமை மாலை 3.15-க்கு விண்ணப்பம் போனால், அடுத்தடுத்த வாரத்துச் செவ்வாய் 3.15-க்கு முன் தர மாட்டார்கள். விண்ணப்பித்து 30 நாளுக்குள் எடுக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்து, கட்டணம் உட்பட. நடுவில் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் திரும்பி வந்தபின் விண்ணப்பியுங்கள்.

இனி வீடு. நீங்கள் கேட்காமல் விட்டதும், உங்கள் நிலைமையில் மிகப் பெரிய சிக்கலும் இதுதான். எச்-1பி விசாவில் உள்ள மனைவியும் சுற்றுலா விசாவில் வரும் பெற்றோரும் மத்தியச் சட்டப்படி துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாதவர்கள். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. 'வைத்திருத்தல்' என்றால் இடுப்பில் செருகியிருப்பது மட்டுமல்ல. இருக்கும் இடம் தெரிந்து, வேண்டும்போது எடுத்துக் கையாளும் அதிகாரமும் எண்ணமும் இருந்தாலே அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். ஒரே வீட்டில் இருப்பது மட்டும் குற்றமில்லை. ஆகவே பெட்டகத்தின் எண்ணோ சாவியோ அவர்களிடம் இருக்கக் கூடாது. "நான் இல்லாத நேரத்தில் அவசரத்துக்கு உதவும்" என்று மனைவிக்கு எண்ணைச் சொல்லிக் கொடுக்கத்தான் மனம் போகும். சொல்லிக் கொடுத்தால் அவர் விசாவையும் உங்கள் கார்டையும் ஒரே நேரத்தில் ஆபத்தில் வைக்கிறீர்கள்.

மனைவியையோ அப்பாவையோ சுடும் பயிற்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தடவை சுட்டுப் பார்க்கச் சொல்வதும் அதே குற்றம். மாணவர் விசா நிலையை இழந்த ரெஹைஃப் என்பவர் மீது வந்த வழக்கு, ஃபுளோரிடாவில் பயிற்சிக்கூடத்தில் சுட்டதிலிருந்து தொடங்கியதுதான். தன் நிலை அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வீட்டாருக்குத் தங்கள் விசா நிலை தெரியும், ஆகவே தெரியாது என்ற வாதம் அவர்களுக்கு இல்லை.

2026 ஜனவரி முதல், வீட்டில் உள்ள துப்பாக்கியை அங்கீகரித்த பூட்டுப் பெட்டியிலோ இயங்கவிடாத பூட்டுடனோதான் வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமும் சொல்கிறது. திருட்டுப்போனால் ஐந்து நாளுக்குள் போலீசில் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியை வாங்கியதாலேயே அதை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமை வந்துவிடாது. அதற்கு ஷெரிஃப் அல்லது நகரப் போலீசிடம் தனி உரிமம் பெற வேண்டும். குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி வேண்டும், துப்பாக்கி உங்கள் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். அதனால் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். உரிமம் வரும்வரை காரில் கொண்டுபோனால் தோட்டா இறக்கி, டிக்கியில் அல்லது பூட்டிய பெட்டியில் வையுங்கள். காரின் கையுறைப் பெட்டியைப் பூட்டினாலும் அது 'பூட்டிய பெட்டி' ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஷிஃப்ட் முடிந்து வரும்போது எடுக்க வசதி என்று பலர் அங்கேதான் வைக்கிறார்கள், சாலையோரச் சோதனையில் மாட்டுவதும் அதனால்தான். உரிமம் வந்த பிறகும் பள்ளி வளாகம், தபால் நிலையம், குடிவரவு அலுவலகம் எதற்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. கைரேகை கொடுக்கவோ குடியுரிமை நேர்காணலுக்கோ போகும் நாளில் ரிவால்வர் வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.